இலையும் துணியும்: தேக்காவிலிருந்து ஓர் இலையுதிர்காலப் பயணம்

தீபாவளி முறுக்கு டப்பா காலியாவதற்குள் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: “இந்த டிசம்பர் விடுமுறைக்கு எங்கே?” சில ஆண்டுகளாக அந்தப் பேச்சில் ஓர் ஊரின் பெயரைவிட ஒரு பருவத்தின் பெயர்தான் முதலில் வருகிறது. “ஃபால் கலர்ஸ் பார்க்கப் போகலாம்” என்கிறார்கள் இளையர்கள். செந்நிற மேப்பிள் இலைகளுக்கு அடியில் நின்று எடுத்த படங்கள் கைப்பேசியில் வலம் வருகின்றன.

இன்னொரு கூட்டமும் உண்டு. கொவிட்-19 காலத்தில் முகக்கவசம் தைப்பதற்காகத் தூசு தட்டிய தையல் இயந்திரத்தை மறுபடியும் மூடி வைக்க மனம் வராதவர்கள். ரவிக்கை, தலையணை உறை என்று தொடங்கி, இப்போது ‘குவில்ட்’ எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையில் வந்து நிற்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனால் இவர்கள் முதலில் தேடுவது துணிக்கடையைத்தான்.

இலை பார்க்க ஆசைப்படுவோரும் துணி வாங்க ஆசைப்படுவோரும் ஒரே வீட்டில் இருந்தால் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? அதே வீட்டில் நீண்ட நேரம் விமானத்தில் உட்கார முடியாத தாத்தாவோ பாட்டியோ இருந்தால்? இரண்டுக்கும் விடை இருக்கிறது. அதில் பாதி நம் பெருவிரைவு ரயில் பாதையிலேயே இருக்கிறது.

நாள்காட்டி சொல்வது

இலையுதிர்காலப் பயணத்தில் முதலில் முடிவாக வேண்டியது தேதி. ஊர் அதற்குப் பிறகுதான். இலைகள் நம் விடுப்பு விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஓர் ஊரில் நிறம் உச்சத்தில் இருப்பது இரண்டு வாரம்தான். ஒரு பலத்த மழையோ காற்றோ வந்தால் அதுவும் குறையும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் அக்டோபர் முதல் பாதியிலேயே மலைகள் சிவந்துவிடும். சற்றுத் தெற்கே, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் அக்டோபர் பிற்பகுதி நல்ல காலம். அங்கு ஆமிஷ் சமூகப் பெண்கள் கையால் தைக்கும் போர்வைகள் உலகப் புகழ் பெற்றவை. குவில்ட் பிரியர்களுக்கு அது ஒரு புண்ணியத் தலம் போன்றது. தென்கொரியாவின் சோல் நகரில் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் ஏற்றவை. அங்கே தோங்தேமுன் துணிச் சந்தையை ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாது. மிஞ்சிய துண்டுகளை இணைத்துத் தைக்கும் ‘ஜோகாக்போ’ என்ற பொதித்துணி கொரியர்களின் பழைய வீட்டுக் கலை.

சிக்கல் என்னவென்றால், இவை எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரங்கள். ஆண்டிறுதி விடுமுறை தொடங்குவது நவம்பர் பிற்பாதியில். அதற்குள் வெர்மான்ட் மரங்கள் மொட்டையாகிவிடும். சோலிலும் பெரும்பாலான இலைகள் தரைக்கு வந்திருக்கும். ஆகவே, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தி வருவது ஜப்பான்தான். கியோத்தோவில் மேப்பிள் இலைகள் நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முதல் சில நாள்வரை சிவந்து நிற்கும். தோக்கியோவில் கிங்கோ மரங்கள் பொன்னிறமாவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான்.

துணிக்கும் அந்தத் தேதிகள் ஒத்துவருகின்றன. கியோத்தோவின் தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி பெரிய திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25ஆம் தேதி. இரண்டிலும் பழைய கிமோனோக்களையும் அவற்றிலிருந்து பிரித்த துண்டுத் துணிகளையும் குவித்து வைத்து விற்பார்கள். கித்தானோ ஆலயத்தில் மேப்பிள் தோட்டமும் உண்டு என்பதால் நவம்பர் 25 அங்கு இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு வேலையும் முடியும். தோக்கியோவுக்குப் போகிறவர்கள் நிப்போரி நிலையத்தில் இறங்கலாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளச் சாலையில் சுமார் 90 துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை; வார நாளில் செல்வதே நல்லது.

விடுதி அறைகளுக்கு ஒரு சொல்: கியோத்தோவில் நவம்பர் கடைசி இரண்டு வாரம் ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த காலங்களில் ஒன்று. தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்தால் அறை கிடைக்காது. கிடைத்தாலும் விலை கடிக்கும். ஜூன் விடுமுறையிலேயே முடிவெடுத்துவிடுவது பைக்கு நல்லது.

நமக்கு இலையுதிர்காலம் உண்டா?

“சிங்கப்பூரில் இரண்டே பருவம். ஒன்று வெயில், இன்னொன்று மழை” என்று சிரித்துக்கொள்வோம். தமிழர் வகுத்த ஆறு பருவங்களிலும் ‘இலையுதிர்காலம்’ என்று தனியாக ஒன்று இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்றுதான் எண்ணினார்கள். வட நாடுகளில் இலை சிவக்கும் ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர். குளிர்காற்றும் மழையும் கொண்ட காலம். தமிழகக் காடுகளில் இலை உதிர்வது மாசி, பங்குனி வாக்கில், கோடை நெருங்கும்போது.

காரணம் எளிது. குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் குறுகுவதும் குளிர் கூடுவதும் அறிகுறி. வெப்பமண்டல மரத்துக்கு வறட்சிதான் அறிகுறி. நீர் குறையும்போது இலை வழியாக அதை இழக்காமல் இருக்க, மரம் இலையையே விட்டுவிடுகிறது. விடுவதற்குமுன் பச்சையத்தைச் சிதைத்து அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. வெர்மான்ட் மேப்பிளுக்கும் நம் வீவக புளோக் வாசலில் நிற்கும் மரத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

அந்த வாசல் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்காகக் கிளை விரித்து, உள்ளங்கையைவிடப் பெரிய இலையோடு நிற்கும் நாட்டு வாதுமை. மலாய்மொழியில் கெத்தாப்பாங். இயல்பில் அது கடற்கரை மரம். ஆண்டுக்கு இருமுறைபோல இலை உதிர்க்கும். உதிர்க்குமுன் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் மேப்பிளுக்குக் குறையாத சிவப்பு. எல்லா மரங்களும் ஒரே வாரத்தில் சிவப்பதில்லை என்பதுதான் இதன் அழகு. ஒன்று சிவந்து நிற்கும்போது பக்கத்து மரம் பச்சையாக இருக்கும். அடுத்த மாதம் அதன் முறை. அதனால் ஆண்டின் எந்த வாரத்திலும் தீவின் ஏதோ ஒரு மூலையில் இலையுதிர்காலம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சண்டை மீன் வளர்க்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். காய்ந்த கெத்தாப்பாங் இலையைத் தொட்டியில் போடுவது அவர்களுக்குத் தெரியும்.

இந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை 2024 ஜூன் மாதம் மரின் பரேட், சிக்லாப் பக்கம் நீண்டதிலிருந்து அங்கு போவது எளிதாகிவிட்டது. சக்கர நாற்காலியில் வருவோருக்கும் தடமான பாதை உண்டு. மாலை ஐந்து மணிக்குமேல் போங்கள். சாயும் வெயில் சிவந்த இலையின் பின்னாலிருந்து வரும்போது எடுக்கும் படம், எந்த ஊர் என்று கேட்க வைக்கும்.

சாலையோர அங்சானா மரமும் கவனிக்கத்தக்கது. அது நம் வேங்கையின் நெருங்கிய உறவு. வறண்ட நாள்களுக்குப் பிறகு மழை பெய்தால் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து, மறுநாளே கொட்டிவிடும். காலையில் பேருந்து நிறுத்தம்வரை மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் இளஞ்சிவப்பாகப் பூக்கும் டிரம்பெட் மரத்தைச் ‘சிங்கப்பூர் சக்குரா’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட மரம்.

பூமலையில் பால் மரங்கள்

நம் மூத்தோர் ‘பூமலை’ என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859ல் உருவானது. 2015 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. பலரும் ஆர்க்கிட் மலர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இலையுதிர்காலம் தேடிச் செல்வோர் பார்க்க வேண்டியது ரப்பர் மரத்தை.

1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. 1888ல் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தோட்ட முதலாளிகளைக் கண்டபோதெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணித்ததால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர். 1920 வாக்கில் உலகின் ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் மரபுடைமை அரும்பொருளகம் ஹோல்ட்டம் மண்டபத்தில் உள்ளது. பிள்ளைகளோடு போனால் அங்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டிய வறண்ட வாரங்களில், இலை உதிர்க்கும். உதிர்க்குமுன் செம்பு நிறமாகும். சென்ற பிப்ரவரியில் அம்மாவை அங்கு அழைத்துப் போனேன். 76 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு விமானப் பயணம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார். பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில்; கல்யாணமாகி வந்தது சிங்கப்பூருக்கு.

சிவந்த இலைகளைக் காட்டி, “நல்லாருக்குல்லம்மா?” என்றேன். அவர் மேலே பார்த்தார். “இலை கொட்டுனா பால் கொறஞ்சு போயிரும். பால் கொறஞ்சா கூலி ஏது? இந்த மாசம் வந்தாலே எங்கம்மா அரிசிய அளந்து அளந்துதான் போடுவாங்க” என்றார்.

இலை உதிரும் வாரங்களில் ரப்பர் மரத்தில் பால் வற்றுவது உண்மை. பாலின் எடைக்கு ஏற்பக் கூலி வாங்கியவர்களுக்கு அது இறுக்கமான காலம். அந்தக் கூலியில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று செந்நிற இலையைப் பார்க்க ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து ஜப்பான் போகிறோம். அதில் தவறில்லை, அதற்காகத்தானே அவர்கள் பாடுபட்டார்கள். ஆனால், போவதற்குமுன் வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை பூமலைக்கு அழைத்துப் போனால், அந்த இலைக்குப் பின்னால் நமக்கென்று ஒரு கதை இருப்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

அம்மா தரையில் கிடந்த ஒரு ரப்பர் விதையை எடுத்து, சிமெண்டுத் திண்ணையில் பரபரவென்று தேய்த்து, சூடான பக்கத்தை என் மகளின் முழங்கையில் வைத்தார். அவள் துள்ளிக் குதித்தாள். தோட்டப்புறப் பிள்ளைகளின் பழைய குறும்பு அது. “பாட்டி, பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது” என்று மகள் நினைவூட்டியதும் விதை மரத்தடிக்கே திரும்பியது. அவள் சொன்னது சரி. உதிர்ந்து கிடந்தாலும், அனுமதியின்றி இலை, விதை, காய் எதையும் பூங்காவிலிருந்து கொண்டுபோகக் கூடாது. படம் மட்டும் எடுங்கள்.

தேக்கா முதல் அரபு ஸ்திரீட் வரை

இனி துணி. சிங்கப்பூரில் துணி தேடிப் புறப்படுவோருக்குத் தேக்காவைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தேக்கா நிலையத்தின் ஈரச் சந்தையையும் உணவங்காடியையும் தாண்டி மாடிக்கு ஏறினால் சேலை, சுடிதார் கடைகளும் தையல் கடைகளும் நிறைந்திருக்கும். ஒட்டுப்போர்வை தைப்போருக்கு வேண்டியது சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், அச்சிட்ட பருத்தி போன்ற மெல்லிய பருத்தித் துணி. மீட்டர் கணக்கில் வாங்குவதைவிட, மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரவிக்கை தைத்து மிஞ்சியதை ஒரு பையில் போட்டு வைத்திருக்கும் தையல்காரர்கள் உண்டு. முகம் தெரிந்தவராக இருந்தால் சும்மாவே கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்க்கவும். அந்த நேரம் லிட்டில் இந்தியா ஊழியர் தோழர்களுக்குரியது. கடைக்காரருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. வார நாள் காலை பதினொரு மணிக்குப் போய், துணி பார்த்துவிட்டு, கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். கேம்பல் லேனில் 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நடை தூரம்தான். கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு வண்ணம் பூசியிருக்கும் அந்த வீட்டின் முன் நின்றால், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுபடும் என்பதற்கு இலவசப் பாடம் கிடைக்கும்.

அங்கிருந்து அரபு ஸ்திரீட்டுக்கு நடந்தே போகலாம். வெயில் கடுமையாக இருந்தால் புகிஸ் நிலையத்துக்கு ரயிலேறலாம். பட்டு, சரிகை, லேஸ் என்று உருளை உருளையாக நிற்கும் கடைகளில் குவில்ட்டுக்கு ஏற்றது பத்தேக். மலாய் மக்களிடமும் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் வழக்கம் உண்டு. துண்டுத் துணியைக் ‘காயின் பெர்ச்சா’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் வயதான கடைக்காரர் முகம் மலரும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கலாம்.

குவில்ட் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, உருளைக் கத்தி, அளவுப் பலகை போன்றவற்றுக்கு டோபி காட் பக்கம், பிளாசா சிங்கப்பூராவின் கைவினைக் கடைக்குப் போகலாம். டோபி காட் என்ற பெயரைக் கவனித்தீர்களா? ஒரு காலத்தில் அங்கு ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஊர்த் துணியை வெளுத்துக் காயவைத்தார்கள். இன்று மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் அவர்களின் தொழில் நிற்கிறது.

அம்மாவின் சேலைகள்

குவில்ட் என்றால் மேல்நாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் ஓடுதையல் போட்டு ‘காந்தா’ செய்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நம் ‘கந்தை’ நினைவுக்கு வரும். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பாட்டியின் மெத்தென்ற பழஞ்சேலையில் கிடத்தினோம். அதே சேலையில் தூளி கட்டினோம். சீனர்களிடம் நூறு வீட்டில் துண்டு வாங்கிக் குழந்தைக்கு உடை தைக்கும் வழக்கம் இருந்தது. பல வீட்டு ஆசி ஒரு துணியில் சேரும் என்பது நம்பிக்கை.

ஆகவே, குவில்ட் துணியை வெளியில் தேடுமுன் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கட்டாமல் கிடக்கும் சேலைகள் எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளைகள் கட்டப்போவதில்லை, தூக்கிப் போடவும் மனம் வராது. மடிப்பில் பட்டு அறுந்துகொண்டே இருக்கும்.

நான் அம்மாவின் சேலைகளை எடுத்துக்கொண்டு தேக்காவில் எங்களுக்குப் பழக்கமான தையல்காரரிடம் போனேன். அவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இத வெட்டவா? அம்மாகிட்ட கேட்டீங்களா?” என்றார். கேட்டேன் என்றதும், “இன்னொரு தடவ கேட்டுட்டு வாங்க. வெட்டுனா ஒட்டாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அம்மா ஒவ்வொரு சேலையாகப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டார். ஜூரோங் தொழிற்சாலையில் முதல் சம்பளத்தில் வாங்கியது, என் வளைகாப்புக்குக் கட்டியது, அப்பா ஊருக்குப் போய்வந்தபோது வாங்கிவந்தது. எனக்குத் தெரியாத கதைகள்தான் அதிகம். கடைசியில், “கூறச் சேலைய மட்டும் விட்டுடு. அது நா போறப்ப வேணும். மத்தத வெட்டு” என்றார். வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, சேலைக்கு ஒரு பக்கம் என்று எழுதத் தொடங்கினாள்.

செய்ய நினைப்போருக்குச் சில குறிப்புகள். பட்டையும் பருத்தியையும் கலக்காதீர்கள். துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. சேலையை முதலில் ஒருமுறை அலசிக் காயவைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள். உறுத்தும் சரிகைக் கரையைப் பிரித்து எடுத்துவிடுங்கள். நைந்த இடத்தை வெட்டித் தள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நைந்தது தெரியும்.

கணக்கு இதுதான்: தைத்து முடித்தபின் 30 சென்டிமீட்டர் வரும் சதுரங்கள், அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7, மொத்தம் 35. இது ஒருவர் போர்த்த 150க்கு 210 சென்டிமீட்டர் போர்வை. தையலுக்குப் பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் விட்டு 32 சென்டிமீட்டராக வெட்டவும். ஐந்து சேலையிலிருந்து சேலைக்கு 7 சதுரம் எடுத்தால் போதும்; மீதித் துணி அடிப்பக்கத்துக்கு ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தடித்த பஞ்சு வேண்டாம். நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலையை விரித்தாலே போதும். குளிரூட்டிய அறைக்கு அது அளவான கதகதப்பு.

சாங்கிச் சிறையில் 66 சதுரங்கள்

சிங்கப்பூரில் தைக்கப்பட்டவற்றில் உலகம் அறிந்த போர்வைகள் எந்தக் கடையிலும் தைக்கப்பட்டவை அல்ல. அவை சாங்கிச் சிறையில் உருவானவை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஐரோப்பியப் பொதுமக்கள் சிறை வைக்கப்பட்டார்கள். மார்ச் மாதம் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஆண்கள் வேறு பகுதிகளிலும் முகாம்களிலும் இருந்தார்கள். கணவனோ மகனோ உயிரோடு இருக்கிறாரா என்பது இந்தப் பெண்களுக்குத் தெரியாது. இவர்கள் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. கடிதப் போக்குவரத்து இல்லை.

கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பூத்தையலில் தைத்து, பெயரையும் இட வேண்டும். பூ, வீடு, கப்பல், சிறை அறை, குழந்தையின் பெயர் என்று தைத்தார்கள். சதுரங்களை இணைத்து, தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் ஆயின. ஒன்று காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மூன்றாவது காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு. மூன்றாவதைத் தைத்ததால்தான் மற்ற இரண்டும் வெளியே போக வழி பிறந்தது என்பார்கள். போர்வை மருத்துவமனைக்குப் போனதும், அதிலிருந்த பெயர்களைப் படித்தவர்கள் தம் மனைவி, தாய் உயிரோடிருப்பதை அறிந்தார்கள்.

இவற்றுக்கு முன்னோடி, அதே சிறையில் எட்டு முதல் பதினாறு வயதுவரையிலான சிறுமியர் தங்கள் சாரணியர் தலைவியின் பிறந்தநாளுக்கு இரகசியமாகத் தைத்த போர்வை. பழைய உடைகளிலிருந்து வெட்டிய அறுகோணத் துண்டுகளால் ஆனது. அது இப்போது லண்டனின் இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் உள்ளது.

இந்தச் சிறைவாழ்வின் கதையைச் சாங்கி தேவாலயமும் அரும்பொருளகமும் சொல்கிறது. புதுப்பிக்கப்பட்டு 2021 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்ட இடம். தானா மேரா நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் போகலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. திங்கட்கிழமை விடுமுறை. பதின்ம வயதுப் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள்.

இரண்டும் சேரும் ஊர்

மூன்று போர்வைகளில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் இருப்பது கேன்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். அங்கேதான் இலையும் துணியும் ஒன்று சேர்கின்றன. தென்கோளத்தில் பருவம் தலைகீழ். மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம். திட்டமிட்டுக் கட்டிய தலைநகரான கேன்பராவின் சாலையோரங்களில் ஓக், எல்ம் போன்ற குளிர்நாட்டு மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஏப்ரல் பிற்பாதியில் நகரமே மஞ்சளும் சிவப்புமாக மாறும்.

சிட்னிக்குப் பறந்து, அங்கிருந்து சாலை வழியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் கேன்பரா. புனித வெள்ளி ஏப்ரலில் வரும் ஆண்டுகளில் நீண்ட வார இறுதியோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்தால் போதும். ஏப்ரல் 25 ஆன்சாக் நினைவுநாள். அன்று நினைவகத்தில் பெருங்கூட்டம் இருக்கும். அந்த நாளைத் தள்ளி வையுங்கள். பழைய துணிகளை வெளிச்சத்தில் தொடர்ந்து வைப்பதில்லை என்பதால் போர்வைகள் காட்சியில் உள்ளனவா என்று பயணச்சீட்டு வாங்குமுன் நினைவகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாங்கியில் தைத்ததை 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் போய்ப் பார்ப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால், முதலில் சாங்கிக்கும் பிறகு கேன்பராவுக்கும் போகும் பிள்ளை, ஒரு துண்டுத் துணியில் எவ்வளவு அடங்கும் என்பதை எளிதில் மறக்காது.

பயணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். செலவே இல்லாதது முதலில்: பிப்ரவரியில் ஒரு காலை பூமலையில் ரப்பர் மரம், ஒரு மாலை ஈஸ்ட் கோஸ்ட்டில் கெத்தாப்பாங், ஒரு நாள் தேக்காவும் அரபு ஸ்திரீட்டும், இன்னொரு நாள் சாங்கி. அடுத்து நவம்பர் பிற்பாதியில் கியோத்தோ. அல்லது ஏப்ரலில் கேன்பரா. மூன்றாவது வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டியது: அலமாரியைத் திறந்து, சேலைக்குரியவரை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொன்றின் கதையையும் கேட்டு எழுதிக்கொள்வது.

முதல் இரண்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடலாம். மரங்கள் மறுபடியும் சிவக்கும். மூன்றாவதை இந்த வாரக் கடைசியிலேயே தொடங்கிவிடுங்கள்.